பல்கலைக்கழகம் போன பிள்ளையும் இணையமும்



1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத ஒரு குடும்பத்தை அண்மையில் சந்தித்தேன். குத்தகைக் காணியில் வெங்காயம் செய்கிறார்கள். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம். "ஃபாதர், விதை வெங்காயத்தை வித்துப் போன் வாங்கிக் குடுத்தனாங்கள். இப்ப சாமத்திலயும் அதுக்குள்ளதான் கிடக்கிறாள். படிக்கிறாளோ, பழுதாப் போறாளோ தெரியேல்லை" என்றார் தகப்பன். மகள் ஒன்றும் பேசவில்லை, கண் கலங்கியிருந்தது.

தகப்பனின் கேள்வி நியாயமானது. பணம் அவருடைய வியர்வை. ஆகவே, முதலாம் வருட மாணவர் இணையத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

முதலாவது, படிப்பு. விரிவுரைக் குறிப்புகள், நேரசூசி, ஒப்படைகள் பல இன்று தொலைபேசிக்கே வருகின்றன. 2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகளே இணைய வழியில் நடந்தன. அன்று தொலைபேசி இல்லாத பிள்ளை வகுப்புக்கு வெளியே நின்ற பிள்ளைக்குச் சமம். மேலும், உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள் மருத்துவம், பொறியியல், விவசாயம் முதலிய பீடங்களில் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். விளங்காத சொல்லைப் பலர் முன்னிலையில் கேட்க வெட்கப்படும் பிள்ளை அதை இரவில் இணையத்தில் தேடுகிறது.

இரண்டாவது, நூல்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அந்த இழப்பை அறிந்த நமக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தின் பெறுமதி விளங்கும். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

மூன்றாவது, தொடர்பும் பொழுதுபோக்கும். வட்ஸ்அப் குழுக்களில் நட்பும் வளரும், பகிடிவதையும் நுழையும். மாணவருக்கு அச்சத்தையோ மனவேதனையையோ ஏற்படுத்துவதும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். பிள்ளை அழைப்பு வரும்போது நடுங்கினால், திட்டாமல் விசாரியுங்கள்.

நமது சுண்ணாம்புக்கல் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். அளவோடு இறைத்தால் நன்னீர்; மிதமிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இணையமும் அப்படித்தான். நித்திரையின்றிப் படம் பார்ப்பதும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை வாசியாமலே ஒப்படைப்பதும் உவர் ஏறிய நீர். அதனால் பயிர் வளராது.

பெற்றோர் செய்யக்கூடியவை:

1. தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். "இன்று என்ன படித்தாய், எனக்கும் காட்டு" என்று கேளுங்கள்.

2. டேட்டாவுக்கு மாதம் இவ்வளவுதான் முடியும் என்பதை ஒளிக்காமல் பிள்ளையோடு பேசித் தீர்மானியுங்கள். பெரிய கோப்புகளைப் பல்கலைக்கழக இணைப்பில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. இணையத்தில் கண்டதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று பார்க்கப் பழக்குங்கள்.

மேற்சொன்ன வீட்டில் மகளிடம், "அப்பாவுக்குக் காட்டு பிள்ளை" என்றேன். அவள் எழுதிக்கொண்டிருந்தது குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றிய ஒப்படை. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். தகப்பன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தங்கள் ஊரில் எந்தக் கிணறு எந்த மாதம் உவர்க்கும், எது கோடையிலும் இனிக்கும் என்று சொல்லத் தொடங்கினார். அது எந்த இணையத்திலும் இல்லை. மகள் கொப்பியை எடுத்து எழுதினாள்.

கலந்துரையாடுவோம்:

1. உங்கள் பிள்ளை இணையத்தில் என்ன படிக்கிறது என்று நீங்கள் கேட்டதுண்டா?

2. தொலைபேசி வாங்க இயலாத மாணவருக்கு நமது கிராம அபிவிருத்திச் சங்கம் என்ன செய்யலாம்?

3. இணையத்தில் இல்லாத எந்த அறிவை நீங்கள் பிள்ளைக்குக் கொடுக்க முடியும்?