டொமைனுக்கு ஒரு சர்வர் எதற்கு?

ஒரத்தநாட்டில் உரக்கடைக்காரரும் சொல்கிறார், கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவரும் சொல்கிறார், வெளியூரிலிருந்து வெப்சைட் விற்க வருபவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்: “ஒரு டொமைனுக்கு ஒரு சர்வர் வேணும் சார். குறைஞ்சது தனி ஐபியாவது வேணும். அதுவும் ஜாவா சர்வர்ல ரெண்டு பேர் பிளாக்கை ஒண்ணா வச்சா, இவர் பேரைப் போட்டா அவர் பிளாக் வந்து நிக்கும்.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது பொய். 1997 முதலே பொய்.

அந்த ஆண்டு ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறை, உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்ற வரி இருந்தே தீர வேண்டும் என்றது. எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்ற பெயர் அந்த வரியில் போகிறது. பத்து டொமைன்கள் ஒரே ஐபியைக் காட்டினாலும், சர்வர் பெயரைப் படித்துப் பிரித்துவிடும். ஊர் நெல்லெல்லாம் ஒரே அரவை மில்லுக்குத்தான் போகிறது; மூட்டைமேல் பேர் இருப்பதால் அவரவர் அரிசி அவரவருக்கு வருகிறது. ஆளுக்கொரு மில் யாரும் கட்டுவதில்லை.

ஜாவாவிலும் இதே கதைதான். டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் சர்வர்.எக்ஸ்எம்எல் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ‘எஞ்சின்’ என்ற பகுதிக்குள் எத்தனை ‘ஹோஸ்ட்’ வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர். உரக்கடையின் பிளாக் ஒரு ஃபோல்டரில், மாட்டு வைத்தியம் பற்றி எழுதும் டாக்டரின் பிளாக் இன்னொன்றில். ஒன்றுக்கொன்று கலக்காது.

அப்படியானால் அடுத்தவர் பிளாக் வந்து நிற்பதாகச் சொல்கிறார்களே, அது எப்படி? நான் திறந்து பார்த்த சர்வர்களில் காரணம் பெரும்பாலும் ஒரே வரிதான். டாம்கேட்டுக்குத் தெரியாத பெயரில் கோரிக்கை வந்தால், ‘டிஃபால்ட் ஹோஸ்ட்’ என்று குறித்திருக்கும் தளத்துக்கு அதை அனுப்பிவிடும். டிஃபால்ட் ஹோஸ்டாக டாக்டரின் தளம் இருக்க, அமைத்தவர் உரக்கடைப் பெயரை எழுதியிருப்பார். அதே பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ போட்டு வருவதை எழுத மறந்திருப்பார். வாடிக்கையாளர் டபிள்யூ போட்டுத் தட்டியதும் டாக்டரின் பசுமாடு திரையில் வரும். ‘அலையஸ்’ என்று ஒரு வரி சேர்த்து, டிஃபால்ட் ஹோஸ்டாக ஒரு வெற்றுப் பக்கத்தை வைத்தால் முடிந்தது. இந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்டு, விவரம் தெரியாதவர் தலையில் தனி ஐபி வாடகையைக் கட்டுவது என்ன நியாயம்? ஐபியும் அள்ளிக் கொடுக்க இருப்பதல்ல: ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அவற்றின் மைய இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பிளாகரில் எழுதிக்கொண்டு சொந்த டொமைன் வைத்திருக்கும் தமிழ்ப் பதிவர்களைக் கேளுங்கள். அத்தனை பேரும் தங்கள் டொமைனைக் கூகுளின் ஒரே பொதுப் பெயருக்குத்தான் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஜாவாதான் வேண்டும் என்றால், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2004இல் தன் ஊழியர்களுக்குத் திறந்துவிட்ட பிளாக் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோலர் என்ற ஜாவா மென்பொருளில் ஆயிரக்கணக்கான பிளாக்குகள் அங்கே ஒன்றாக ஓடின. ரோலர் இன்று அப்பாச்சியில் இலவசமாகக் கிடைக்கிறது.

‘பூட்டு போட, அதாவது எச்டிடிபிஎஸ் வர, தனி ஐபி வேண்டும்’ என்பது ஒரு காலத்தில் உண்மை. ஒரே ஐபியில் பல தளங்களுக்குப் பூட்டு போட உதவும் எஸ்என்ஐ என்ற ஏற்பாடு 2003இல் வரையறுக்கப்பட்டது; டாம்கேட் 8.5 பதிப்பு 2016இல் அதைக் கொண்டுவந்தது. பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது. ‘ஐபியைப் பகிர்ந்தால் கூகுள் கீழே தள்ளும்’ என்பதைக் கூகுளின் மேட் கட்ஸ் 2006இலேயே மறுத்துவிட்டார். விடுங்கள்.

‘ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்’ என்பதில் மட்டும் விஷயம் இருக்கிறது. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் ஒன்றிலேயே ஓடும் பிளாக்குகள் ஒரே மெமரியைப் பங்கிடுகின்றன. ஒன்று தின்று தீர்த்தால் மற்றவையும் படுத்துவிடும். ஒன்றில் திருடன் புகுந்தால் மற்றவற்றின் கோப்புகளையும் எட்டிவிடலாம். அதனால் முன்பின் தெரியாதவர்களை ஒரே ஜேவிஎம்மில் வைக்காதீர்கள். ஒரே மெஷினில் ஒரே டாம்கேட்டை வைத்து, ஆளுக்கொரு ‘கேட்டலினா பேஸ்’, அதாவது தனி அமைப்பு ஃபோல்டர், கொடுத்தால் தனித்தனி ஜேவிஎம்மாக ஓடும். அதற்கும் இன்னொரு சர்வர் வாங்கத் தேவையில்லை.

கடைசியாக, என் மனதை அறுக்கும் ஒன்று: ‘தமிழில் டொமைன் வைத்தால் ஜாவா சர்வரில் ஓடாது.’ யார் சொன்னது? இலங்கைக்குத் தமிழில் ‘.இலங்கை’ 2010லும், நமக்கு ‘.இந்தியா’ அடுத்த ஆண்டும் கிடைத்துவிட்டன. தமிழ்ப் பெயரை உலாவி ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தக் கோவையை எழுத வேண்டும். தமிழிலேயே எழுதி வைத்தால் பொருந்தாமல் டிஃபால்ட் ஹோஸ்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம். பெயர்ப்பலகையில் தமிழ் எழுதும் கடை, இணையத்தில் மட்டும் ஆங்கில எழுத்தை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அடுத்த முறை தனி ஐபிக்குப் பணம் கேட்டால், அந்தக் கோப்பைத் திறந்து அலையஸ் வரியைக் காட்டச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் கடைப் பெயரைத் தமிழில் பதிவு செய்யுங்கள். தளம் விற்பவர் பெயரில் அல்ல, உங்கள் பெயரில்.