உயிரணுவில் இருவகை

காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களுள் சிலர், நோய் தீர்ந்தபின் காது மந்தமாயிற்று எனக் கூறக் கேட்டிருக்கிறோம். கிருமியைக் கொல்ல வந்த மருந்து செவியைத் தாக்குவானேன்? விடை காண, உயிரணுக்களின் இருவகைப் பாகுபாட்டை நாம் அறிதல் வேண்டும்.

பாக்டீரியா முதலியவற்றின் உயிரணு 'புரோகேரியோட்' எனவும், தாவரம், பூஞ்சை, விலங்கு, மனித உடல் ஆகியவற்றின் உயிரணு 'யூகேரியோட்' எனவும் பெயர் பெறும். 'கேரியோன்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கொட்டை, பருப்பு என்பது பொருள். தமிழில் முறையே தொல்லுட்கரு, மெய்யுட்கரு என்பர். முதற்பெயர் அங்கே பழையதோர் உட்கரு இருப்பதாக மாணவரை மயக்கக்கூடும். உண்மையில் சவ்வால் மூடிய உட்கருவே அங்கில்லை, டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரு வளையமாய் உறையின்றிக் கிடக்கும்.

எனினும் உட்கரு இல்லாதன எல்லாம் புரோகேரியோட் ஆகா. நம் குருதியின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. வளர்ச்சியின்போது அதனை வெளியேற்றிவிட்ட யூகேரியோட் அணுவே அது. தேர்வில் இவ்விடத்தில் இடறுவோர் உளர்.

மருத்துவத்திற்குக் கைகொடுப்பவை வேறு இரண்டு வேறுபாடுகள். பெரும்பாலான பாக்டீரியாவுக்குப் பெப்டிடோகிளைக்கானால் ஆன சுவர் உண்டு. நம் அணுக்களுக்குச் சுவரே இல்லை. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் அச்சுவர் எழும்புவதைத் தடுக்கிறது. ஆயினும் காசநோய்க் கிருமி அதற்கு அடங்கவில்லை.

மற்றொன்று, புரதம் ஆக்கும் ரைபோசோம். பாக்டீரியாவில் அது 70 எஸ். நம் அணுவில் 80 எஸ். எஸ் என்பது மையவிலக்குப் பொறியில் படியும் வேகத்தைக் குறிப்பதால், 50உம் 30உம் சேர்ந்து 70 ஆவது கணக்குப் பிழையன்று. 1943இல் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், இந்த 70 எஸ் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு அதன் பணியைக் குலைத்துக் காசநோய்க் கிருமியை வென்றது.

அவ்வாறாயின் செவி? நம் அணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியா, பண்டு வேறோர் அணுவினுள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல் என 1967இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். எளிதில் ஏற்கப்படாத அக்கருத்து பின்னர்ப் பாடநூலில் இடம்பெற்றது. மைட்டோகாண்டிரியாவுக்குத் தனியாக வளைய டி.என்.ஏ.யும், பாக்டீரியாவினதை ஒத்த ரைபோசோமும் உள்ளன. அந்த டி.என்.ஏ.யின் 1555ஆம் இடத்தில் ஒரு மாற்றம் உடையோரிடம் இவ்வொப்புமை இன்னும் மிகுகிறது. அன்னோர்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்து சிறிதளவிலும் செவியைக் கெடுக்கக்கூடும் என்பது 1993இல் வெளிப்பட்டது. பிறர்க்கும் மருந்தின் அளவு மிகின் இத்தீங்கு நேர்வதுண்டு.

மைட்டோகாண்டிரியா தாய்வழியே வருவது. ஆதலின் இவ்வகை ஊசி போடுமுன், தாய்வழி உறவினருள் ஊசியால் செவிப்புலன் இழந்தோர் உண்டா என வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.