ஒருவர் ஐவராய் நின்று பாடுதல்

ஒலி தோன்றிய அப்பொழுதே மறைந்துபடுவது. எழுத்து ஏட்டில் நிற்கும்; ஓவியம் சுவரில் நிற்கும்; பாடியவன் வாய் மூடின் பாட்டு இல்லை. இத்தகைய ஒலியைப் பிடித்து வைத்து மீளக் கேட்பிக்கும் பொறியினை எடிசன் 1877ஆம் ஆண்டில் இயற்றினார். பிடித்து வைத்த ஒலியின்மேல் வேறோர் ஒலியை அடுக்கி, அதன்மேல் மற்றொன்றை அடுக்கி, ஒருவனே பலராய் நின்று இசைக்கும் முறை அதன் பின்னர் வளர்ந்தது. இதனைப் பல்தட ஒலிப்பதிவு என்பர். தடம் என்பது ஒரு கருவிக்கோ ஒரு குரலுக்கோ உரிய தனி வழி. ஒவ்வொரு தடத்தையும் வெவ்வேறு வேளையிற் பதிந்து, ஈற்றில் யாவற்றையும் ஒருங்கே ஓடவிட்டுக் கேட்பதே இதன் சாரம்.

யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். இசைக்கருவி எதனையும் இயக்க அறியேம். எனினும் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் மேனாட்டு றொக் பாடலொன்றைத் தன் இல்லத்தில் இம்முறையாற் பதிவுசெய்தபோது, பல நாள் அருகிருந்து கண்டேம். கண்டவற்றுள் மாணாக்கர்க்குப் பயன்படத்தக்கவற்றை ஈண்டு எழுதுகின்றேம்.

முதற்கண் இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். பல்தடப் பதிவு இல்லத்திலேயே வளர்ந்த கலை என்பது பலர் அறியாதது. அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் இசைத்தட்டு வெட்டும் பொறியைக் கொண்டு, ஒரு தட்டில் வாசித்ததை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டிற் பதிந்தார். இங்ஙனம் பதிந்த இசை 1948இல் வெளிவந்தது. பின்னர்க் காந்த நாடாவினைக் கொண்டு, தம் மனைவியார் மேரி போர்ட்டின் குரலையும் பல அடுக்காக்கி, 1951இல் பெரும்புகழ் எய்தினார். அக்காலத்து முறையில் ஓர் இடர் இருந்தது. பழைய அடுக்கும் புதிய அடுக்கும் ஒன்றாய்க் கலந்தே பதிவாகும். ஆதலின் கடைசி அடுக்கில் ஒரு பிழை நேரின் முன்னைய உழைப்பு முழுதும் பாழாம். இவ்விடரை நீக்குவதற்கு எட்டுத் தடங்கள் தனித்தனியே நிற்கும் நாடாப் பொறியொன்றினை அம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் அவருக்குச் செய்து கொடுத்தது.

பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்’ என்னும் இசைத்தட்டு நான்கு தடப் பொறிகளிலேயே பதிவாயிற்று. 1979இல் சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதியும் சிறு பொறி விற்பனைக்கு வந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் என்னும் பாடகர் 1982ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நியூ ஜேர்சியிலுள்ள இல்லத்தில் அத்தகைய பொறியொன்றிற் சில பாடல்களைத் தம் குழுவினருக்குக் காட்டுதற்பொருட்டுப் பதிந்தார். குழுவினரோடு கலையகத்திற் பதிந்தபோது அப்பாடல்கள் உயிர் பெறவில்லை எனக் கண்டு, வீட்டிற் பதிந்த நாடாவையே அவ்வாண்டில் இசைத்தட்டாக வெளியிட்டார். இன்றோ ஒரு கணினியும், ஒலியை எண்ணாக மாற்றிக் கணினிக்கு ஊட்டும் சிறு பெட்டியும், ஓர் ஒலிவாங்கியும், ஒரு ஹெட்போனும் உடையவன் எத்தனை தடமும் பதியலாம்.

இனி எம் மாணவன் எடுத்துக்கொண்ட பாடலுக்கு வருவாம். அது ‘உதயசூரியன் இல்லம்’ எனப் பொருள்படும் பெயருடையது; நியூ ஒர்லியன்ஸ் நகரிற் கெட்டொழிந்த ஓர் உயிரின் புலம்பல். இயற்றியவர் யாவர் எனத் தெரியாத பழைய நாட்டுப்பாடல். 1933இலேயே இசைத்தட்டுக்காகப் பதியப்பட்டது. 1937இல் அலன் லோமக்ஸ் என்னும் நாட்டார்பாடற் சேகரிப்பாளர் கென்ரக்கி மாநிலத்தில் ஓர் இளம்பெண் பாடக் கேட்டுப் பதிந்துகொண்டார். பொப் டிலன் தமது முதல் இசைத்தட்டில் 1962இல் அதனைப் பாடினார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ‘அனிமல்ஸ்’ குழுவினர் 1964இல் அதனை றொக் பாடலாக்கினர். எரிக் பேர்டன் பாட, ஹில்ரன் வலன்ரைன் கிற்றாரும், சாஸ் சாண்ட்லர் பேஸ் கிற்றாரும், அலன் பிறைஸ் ஓர்கனும், ஜோன் ஸ்ரீல் மேளமும் வாசித்தனர். 1964 மே 18ஆம் நாள் இலண்டனில் ஐவரும் ஒரே அறையில் நின்று ஒரே முறையில் வாசித்து முடித்தனர்.

நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவர். பிறர் பாடலை எடுத்துப் பாடுவோன் செய்வது வழிநூலார் செய்யும் தொழிலையே ஒக்கும். முன்னையதனோடு ஒத்து நடந்து, தான் வேண்டிய வேறுபாட்டையும் அதனுட் காட்டுதல் வேண்டும். ஒவ்வாது நடப்பின் அது வேறு பாட்டு. வேறுபாடே இல்லையாயின் வெறும் படி.

எம் மாணவனுக்கும் ஒருகாலத்தில் நால்வர் தோழர் இருந்தனர். ஐவரும் கல்லூரி விழாக்களில் இப்பாடலை வாசித்ததுண்டு. பின்னர் ஒருவன் கொழும்புக்கும், ஏனையோர் கடல்கடந்தும் சென்றுவிட்டனர். எஞ்சியவன் இவன். ஐவர் செய்ததைத் தனியே செய்து காட்டுவேன் என்னும் ஒரு பிடிவாதமே அவனை இவ்வேலையிற் புகுத்தியது. யாரும் தனக்கு வேண்டியதில்லை என்றும் எம்மிடம் சொன்னான். யாம் மறுமொழி கூறவில்லை.

முதல் நாள் அவன் செய்த பிழை, குரலோடு தொடங்கியமை. தாளக்கணக்கு இன்றி உணர்ச்சியோடு பாடிப் பதிந்தான். பின்னர் மேளத்தை அதனோடு பொருத்த முயன்றபோது, ஓரிடத்து விரைந்தும் ஓரிடத்துத் தளர்ந்தும் சென்ற குரலை மேளம் பற்ற இயலவில்லை. வீட்டுக்கு அத்திவாரம் போலப் பாட்டுக்குக் காலம். ஆதலின் ஆறு எண்ணிக்கை கொண்ட அப்பாடலின் நடையைக் கணினியின் தட்டொலியில் அமைத்து, வழிகாட்டியாக ஒரு கிற்றாரும் குரலும் முதலிற் பதிந்து, அதன்மேல் மேளம், பேஸ், கிற்றார், ஓர்கன், குரல் என்ற ஒழுங்கில் அடுக்கி, ஈற்றில் அவ்வழிகாட்டியை நீக்கிவிடல் வேண்டும். கட்டடம் எழுந்தபின் சாரம் பிரிப்பது போல்வது இது.

ஒவ்வோர் அடுக்கிற்கும் முன் அவன் மூலப்பதிவினைப் பலமுறை கேட்டு, அவ்வொரு கருவியை மாத்திரம் செவியாற் பிரித்தெடுத்தான். செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் காண்பது போல்வது இச்செயல். கிற்றார் சுரங்களை ஒருசேர மீட்டாது ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பதும், பாட்டு ஏற ஏற ஓர்கன் மேலெழுவதும் அப்பொழுதே எமக்கும் புலனாயின.

அவன் கண்ட இடர்கள் மூன்று. அவற்றை மாணாக்கர் குறித்துக்கொள்க.

முதலாவது இரைச்சல். வெக்கை தாங்காது மின்விசிறியை ஓடவிட்டே கிற்றாரையும் குரலையும் பதிந்தான். ஒரு தடத்தில் அவ்விரைச்சல் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால், ஒத்த அளவினவாய்த் தம்முள் தொடர்பற்றனவாய் உள்ள இரைச்சல்கள் இரண்டு சேரின் 3 டெசிபெலும், நான்கு சேரின் 6 டெசிபெலும் உயரும். தடங்கள் கூடக்கூடக் காற்றிரைச்சலும் பாட்டின் ஓர் உறுப்பாயிற்று. பின்னர் விசிறியை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி, உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன் நின்று பாடினான். தொங்கும் துணிகள் எதிரொலியை உண்டுவிடும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தான். இரவு பத்து மணிக்குப் பின்னரே நாயும் மோட்டார்வண்டியும் அவனுக்கு விடை கொடுத்தன.

இரண்டாவது தாமதம். ஒலி கணினிக்குட் சென்று ஹெட்போனுக்கு மீளச் சிறிது நேரம் ஆகும். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில், கணினி 1,024 மாதிரிகளைச் சேர்த்துவைத்து வேலை செய்யின் அச்சேமிப்பினால் மாத்திரம் 21 மில்லிவினாடி கழியும். அஃது ஏழு மீற்றர் தூரத்தில் நிற்பவன் வாசிப்பதைக் கேட்பது போல்வது. தன் விரலோசையைத் தானே பிந்திக் கேட்பவன் தடுமாறுவான். சேமிப்பினை 128 மாதிரியாகக் குறைப்பதாலும், பெட்டியிலிருந்தே ஒலியை நேராகக் கேட்பதாலும் இவ்விடர் நீங்கும்.

மூன்றாவது அளவு. ஒலி மிகப் பலமாகப் புகின் அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். பின்னர் எவ்வாற்றானும் அதனை முற்றும் திருத்த இயலாது. ஆதலின் உச்சம் எல்லைக்குப் பத்து டெசிபெல் அளவு கீழே நிற்குமாறு பதிதல் நன்று. குறைந்ததைக் கூட்டலாம், வெட்டுண்டதை ஒட்டுதல் அரிது.

தடங்கள் முடிந்தபின் அவற்றைக் கலத்தல் தனியொரு கலை. கிற்றாரும் ஓர்கனும் ஒரே சுருதிப் பரப்பில் நின்று ஒன்றையொன்று மறைத்தலால், ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் வைத்தான். மேளம், பேஸ், குரல் ஆகியவற்றை நடுவில் நிறுத்தினான். கிற்றாரில் வேண்டாத தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்துப் பேஸுக்கு இடம் அளித்தான். இரவிற் கலந்ததைக் காலையில் மெல்லிய ஓசையிற் கேட்டான். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் கேட்டான். இரவின் களைத்த செவிக்கு இனித்தது காலையிற் புளிப்பதுண்டு.

மூன்று கிழமைகளில் வேலை முற்றுப்பெற்றது. பிழை ஒன்றும் இல்லை. பிந்திய அடிகளைக் கணினியால் நகர்த்திச் சரிசெய்திருந்தான். ஆயினும் கேட்டு முடித்தபின் அவன் முகம் வாடியிருந்தது. “சேர், எல்லாம் சரியாக இருக்கிறது, பாட்டுத்தான் இல்லை,” என்றான்.

காரணம் யாது? 1964இல் அவ்வைவர் ஒரே அறையில் வாசித்தபோது, பாடகன் குரல் உயர மேளக்காரன் கை உயர்ந்தது. ஓர்கன் விரைய ஏனையோர் அதற்கு இசைந்தனர். கேட்டவன் கேட்பித்தவனை மாற்றினான். கேட்பித்தவனும் அதனால் மாறினான். அடுக்கிப் பதிகையிற் பின்னையது முன்னையதைக் கேட்கும். முன்னையது பின்னையதைக் கேளாது. நேற்றுப் பதிந்த மேளம் இன்று பாடுபவன் நெஞ்சை அறியுமா?

மாணவன் இரண்டு செய்தான். குரல் பதிந்தபின், அக்குரலைக் கேட்டுக்கொண்டே மேளத்தை மீண்டும் வாசித்தான்; கணினியால் நகர்த்தித் திருத்துவதையும் விட்டான். அடுத்து, பல மாதம் பேசாதிருந்த ரொறன்ரோ நகரத்துத் தோழனுக்குக் கலவையை அனுப்பி, பேஸ் வாசித்துத் தருமாறு கேட்டான். பதிவுகள் யாவும் பாடலின் ஒரே தொடக்கப்புள்ளியிலிருந்து, ஒரே மாதிரி எண்ணிக்கையில் அமையின், எந்நாட்டிற் பதிந்ததும் இடம் தவறாது வந்து பொருந்தும். நான்கு நாளில் பேஸ் வந்தது. ஈற்றடிக்கு முன் மூலத்தில் இல்லாத ஓர் இறக்கம் அதில் இருந்தது. கல்லூரி விழாவில் வாசித்தபோது அத்தோழன் தவறி வாசித்து, யாவரும் சிரித்து, பின்னர் வழக்கமாகிவிட்ட இறக்கம் அது. அதனைக் கேட்டதும் இவன் ஹெட்போனைக் கழற்றி எம்மிடம் தந்தான். நெடுநேரம் பேசவில்லை.

அனிமல்ஸ் குழுவின் இசைத்தட்டில், பழம்பாடலை அமைத்தவர் என அலன் பிறைஸ் ஒருவரின் பெயரே அச்சாயிற்று. ஐவர் உழைப்புக்கு ஒருவர் பெயர் நின்றமை ஏனையோர்க்கு நெடுங்காலம் மனத்தாங்கலாயிற்று. எம் மாணவன் தன் பதிவின் கீழ் இரண்டு பெயர்களை எழுதியிருக்கின்றான். இன்னும் மூன்று பெயர்களுக்கு இடமும் விட்டிருக்கின்றான்.

ஒருவன் ஐவராகலாம், பொறி அதற்குத் துணைசெய்யும். ஐவர் வேலையையும் தானே செய்து பார்த்தவனுக்கே ஒவ்வொருவனும் எவ்வளவு செய்தான் என்பது விளங்கும். இதுவே யாம் அவன் அருகிருந்து கற்ற பாடம். விழாக்காணும் எம் கல்லூரியின் மைந்தர் பல நாடுகளிற் சிதறி வாழ்கின்றனர். தொடக்கப்புள்ளி யாவர்க்கும் ஒன்றே. எங்கிருந்து இசைப்பினும் அவர்தம் இசை வந்து பொருந்துவதாகுக.