எது அவசரம்?

‘அவசரம்’ என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். பஸ்ஸைப் பிடிக்க அவசரம். பால் பொங்கினால் அவசரம். ஆஸ்பத்திரி வாசலில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. அங்கே அது உயிர் சம்பந்தப்பட்டது. சட்டம் அதற்கு ஓர் அளவு சொல்கிறது. அதைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு தொழிலாளியின் வழக்கு

1992 ஜூலை 8. மேற்கு வங்காளத்தில் மதுராபூர் ரயில் நிலையம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மூளையில் ரத்தக் கசிவு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு வசதி இல்லை. அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கல்கத்தாவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றார்கள். இன்னொன்றில் வசதி இல்லை என்றார்கள். இப்படிப் பல இடங்கள் அலைந்தார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுமார் 17,000 ரூபாய் செலவானது.

அவரும் சங்கமும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. ‘ஆபத்தில் இருப்பவருக்கு அரசு ஆஸ்பத்திரி உரிய நேரத்தில் சிகிச்சை தர வேண்டும். தராவிட்டால் அது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும்.’ இதுவே தீர்ப்பின் சாரம். அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை அது. அவருக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கிடைத்தது.

போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் இதை 1989-லேயே சொல்லிவிட்டது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் இது பொருந்தும். முதலில் உயிரைக் காக்க வேண்டும். எழுத்து வேலை பிறகு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது.

அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கும் பயம் வேண்டாம். 2019-இல் இச்சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

சட்டம் சொல்லும் பொருள்

2010-இல் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் வந்தது. அது அவசர நிலையை இப்படி விளக்குகிறது:

நோயின் அறிகுறி கடுமையாக இருக்க வேண்டும். கடும் வலியும் இதில் சேரும். உடனே கவனிக்காவிட்டால் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து வரக்கூடும். அல்லது உறுப்பு ஒன்று செயல் இழக்கக்கூடும். கர்ப்பிணி என்றால் வயிற்றில் உள்ள குழந்தைக்கு வரும் ஆபத்தும் இதில் சேரும்.

‘வரக்கூடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆபத்து வந்தே தீர வேண்டும் என்பதில்லை. வரக்கூடும் என்று நியாயமாக நினைக்க இடம் இருந்தால் போதும்.

அப்போது ஆஸ்பத்திரி என்ன செய்ய வேண்டும்? தன்னிடம் உள்ள ஆட்களையும் வசதியையும் கொண்டு சிகிச்சை தர வேண்டும். நிலைமை மேலும் மோசமாகாமல் தடுக்க வேண்டும். வசதி போதாவிட்டால் அதன் பிறகே வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் நடப்பில் இல்லை. சில மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தும்.

சாலை விபத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. பலத்த காயம் பட்ட முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டம் ‘பொன்னான நேரம்’ என்கிறது. உயிரைக் காக்க அதிக வாய்ப்பு உள்ள நேரம் அது. 2025-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இதற்கென்று குறித்த ஆஸ்பத்திரியில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

காப்பீட்டுப் பத்திரத்தில்

காப்பீடு என்பது ஓர் ஒப்பந்தம். அதிலும் ‘அவசரம்’ என்ற சொல் வரும். திடீரென்று, எதிர்பாராமல் வந்திருக்க வேண்டும். உடனே டாக்டர் பார்க்காவிட்டால் உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வர வேண்டும். பாம்புக்கடி அவசரம். நாள் குறித்துச் செய்யும் கண்புரை ஆபரேஷன் அவசரம் அல்ல.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியைப் பாருங்கள். நாள் குறித்த சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே வீடு திரும்பினால், திரும்பும் முன் சொல்ல வேண்டும். உங்கள் பத்திரத்தில் எத்தனை மணி நேரம் என்று இன்றே படித்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. 108 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.
2. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
3. ‘இது அவசரம். முதலில் டாக்டர் பார்க்கட்டும்’ என்று கேளுங்கள்.
4. திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பயிற்சி

1. முதல் ஒரு மணி நேரத்துக்குச் சட்டம் வைத்த பெயர் என்ன?
2. கோடிட்ட இடத்தை நிரப்புக: உயிர் வாழும் உரிமை அரசியல் சட்டத்தின் ____ ஆம் பிரிவில் உள்ளது.
3. உங்கள் ஊருக்கு அருகில் இரவிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது? அதன் பெயரையும் போன் எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.