கம்பைலரை மாற்ற பில்டு கோப்பைத் தொடாதீர்கள்

மேவன், கிரேடில் என்று ஊரே மாறிவிட்டாலும் ஆன்ட்டில் ஓடும் பழைய ஜாவா புராஜெக்டுகள் இன்னமும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரே டாஸ்க்குக்குப் பின்னால் வேண்டிய இம்ப்ளிமென்டேஷனை மாற்றி வைப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது ஆன்ட்டின் ஜாவாசி டாஸ்க்கைப் பார்த்துத்தான்.

அந்த டாஸ்க் நேரடியாக எதையும் கம்பைல் செய்வதில்லை. எந்தக் கோப்புகள், எந்த கிளாஸ்பாத், வெளியீடு எந்த ஃபோல்டருக்கு என்பதையெல்லாம் திரட்டி ஓர் அடாப்டரிடம் ஒப்படைத்துவிடுகிறது. கம்பைலர் அடாப்டர் என்ற அந்த இன்டர்ஃபேஸில் இரண்டே மெத்தட்கள்: டாஸ்க்கை வாங்கிக்கொள்ள ஒன்று, ஓடி முடித்து வெற்றியா தோல்வியா என்று சொல்ல ஒன்று. ஐபிஎம்மின் ஜைக்ஸும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது, எக்லிப்ஸ் கம்பைலரும் இதே வழியில்தான். எக்லிப்ஸுக்கு ஆன்ட்டின் கோடைத் தொடவே வேண்டாம். அதன் ஜார் கோப்பை ஆன்ட் பார்க்கும் இடத்தில் வைத்து, அடாப்டர் கிளாஸின் முழுப்பெயரைக் கொடுத்தால் போதும்.

யார் சொன்னது செல்லும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டாஸ்க்கின் கம்பைலர் ஆட்ரிபியூட்டில் பெயர் இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் பில்டு.கம்பைலர் பிராப்பர்ட்டி. அதுவும் இல்லையென்றால் டிஃபால்ட். ஆட்ரிபியூட்டில் எழுதிவிட்டால் கமாண்ட் லைனில் என்ன கொடுத்தாலும் எடுபடாது. கோட் ரிவ்யூவில் அந்த ஆட்ரிபியூட்டைக் கண்டால் நான் எடுக்கச் சொல்லிவிடுவேன். எதை ஓட்டுவது என்பதை பில்டை ஓட்டுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைச் சுருக்க நான் எழுதிய டாஸ்க்குக்கும் இதே வரிசைதான். ஒரு இம்ப்ளிமென்டேஷன் ஜாவா லைப்ரரியை உள்ளேயே அழைக்கும், இன்னொன்று நோடைத் தனி புராசஸாக ஓட்டும். இரண்டுக்கும் ஆப்ஷன்கள் வேறு. ஆன்ட்டில் கம்பைலர்ஆர்க் எலிமென்ட்டில் கம்பைலர் பெயரைக் குறித்தால், அந்தக் கம்பைலர் ஓடும்போது மட்டும் அந்த ஆர்க்யுமென்ட் போகும். அதையே பின்பற்றினேன். இரண்டுக்கும் பொதுவாக ஆப்ஷன் பட்டியல் ஒன்றை உருவாக்க முயலாதீர்கள், அது முடிவில்லாத வேலை.

மெத்தட் பெயர்களைவிட முக்கியம், தோற்றால் என்ன ஆகும் என்ற ஒப்பந்தம். லைப்ரரி எக்ஸெப்ஷன் வீசும், நோட் எக்ஸிட் கோடு தரும். அடாப்டரைத் தாண்டி வெளியே வரும்போது இரண்டும் ஒரே மாதிரி தோல்வியாக வேண்டும். பாதி எழுதிய கோப்பு மிஞ்சக் கூடாது என்று இரண்டிலும் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுகிறோம். ஒரே டெஸ்ட் தொகுப்பு இரண்டின் மீதும் ஓடுகிறது.

ஏற்க முடியாத அமைப்பைச் சத்தமில்லாமல் விழுங்குவதும் கூடாது. ஃபோர்க் செய்யச் சொல்லிவிட்டு ஜைக்ஸைத் தேர்ந்தெடுத்தால், அந்த அமைப்பைப் புறக்கணிப்பதாக ஆன்ட் லாகில் எச்சரித்துவிட்டுத்தான் நகரும்.

இவ்வளவு செய்தாலும் இம்ப்ளிமென்டேஷன்கள் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிடாது. எக்லிப்ஸ் கம்பைலர் ஏற்றுக்கொண்ட ஜெனரிக்ஸ் கோடை ஜாவாசி மறுப்பதுண்டு. அவரவர் மெஷினில் எதை வேண்டுமானாலும் ஓட்டட்டும், ரிலீஸுக்குப் போகும் பில்டு சர்வரில் ஒன்றுதான்.

சொந்தமாக டாஸ்க் எழுதப் போகிறவர்கள் ஆன்ட்டின் ஃபசாட்டாஸ்க்ஹெல்ப்பர் கிளாஸை முதலில் படித்துவிடுங்கள். சின்னக் கோடுதான், டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.