ஆம்பூரின் இளம் பேண்ட் மாஸ்டருக்கு



பள்ளி பேண்ட் பொறுப்பை ஏற்றிருக்கிறாய். இனி ஆளாளுக்கு உன்னிடம் கேட்கப்போவது, "போட்டியில எத்தனாவது இடம்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நம்பி உன் பயிற்சியை அமைத்துவிடாதே. இடத்தை விடத் தரத்தைக் கேட்பதே பிள்ளைகளுக்கு நல்லது. இதைப் பள்ளி பேண்டுகளின் நூறாண்டு அனுபவமே காட்டுகிறது.

அமெரிக்காவின் முதல் தேசியப் பள்ளி பேண்ட் போட்டி 1923இல் சிகாகோவில் நடந்தது. அதற்குப் பின்னால் நின்றவர்கள் வாத்தியத் தயாரிப்பாளர்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு அவர்களுக்குப் பள்ளிகள்தான் புதிய சந்தை. ஓஹையோ மாநிலத்து ஃபாஸ்டோரியா பள்ளி வென்றது. பிறகு 1926 முதல் 1928 வரை இல்லினாய் மாநிலத்து ஜோலியட் பள்ளியே கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. மற்றவர்கள் எத்தனை முன்னேறியிருந்தாலும் ஊர் திரும்பியபோது தோற்றவர்கள்தான். 1930களில் இடங்களைக் கைவிட்டு ஐந்து பிரிவுகளாகத் தரம் கொடுக்கும் முறை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். பத்து பேண்டுகள் நன்றாக வாசித்தால் பத்துக்கும் முதல் பிரிவு. ஒன்றும் தேறாவிட்டால் யாருக்கும் இல்லை. பக்கத்துப் பள்ளி சறுக்குவதால் உனக்கு லாபம் கிடையாது. எனக்கு இதைவிடவும் பெரிதாகப்படுவது, அந்தப் போட்டிகளில் முன்பின் பார்க்காத நோட்டேஷனை அங்கேயே கொடுத்து வாசிக்கச் சொல்லும் பகுதி. இரண்டு பாட்டை வருடம் முழுக்க உருப்போட்டு மேடையேறும் வழக்கத்துக்கு அதுதான் சரியான மருந்து. பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா, மனப்பாடம் மட்டும்தானா என்பது எட்டு பார் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் குடியரசு தினத்தையொட்டி நடக்கும் தேசியப் பள்ளி பேண்ட் போட்டி மாநிலம், மண்டலம் கடந்து டெல்லி இறுதிச்சுற்று வரை போகிறது. பித்தளை பேண்ட், பைப் பேண்ட் இரண்டிலும் மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நல்ல ஏற்பாடு, கட்டாயம் கலந்துகொள். ஆனால் முதல் மூன்று இடங்களுக்குள் வராத பேண்டுக்கு இடம் எதையும் சொல்லித்தருவதில்லை. கிளாரினெட்டில் சுருதி விலகியதா, சைட் டிரம் காலத்தைத் தள்ளிக்கொண்டு ஓடியதா என்பதை எழுத்தில் வரும் குறிப்புதான் சொல்லும்.

"தரமும் நடுவரின் மனப்போக்குதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிரஸ்ஸல்ஸின் எலிசபெத் மகாராணி இசைப் போட்டி முடிவுகளை ஆராய்ந்த இரு பொருளியலாளர்கள், இறுதிச்சுற்றின் முதல் நாளில் வாசித்தவர்களுக்குப் பின்தங்கும் வாய்ப்பு கூடுதல் என்று 1996இல் காட்டினார்கள். வாசிக்கும் நாளோ குலுக்கலில் விழுவது. அவ்வளவு பெரிய நடுவர்களுக்கே இது நேர்கிறது என்றால், ஒற்றை எண்ணை நம்பலாகாது என்பதுதான் பொருள். கேட்டதைக் காரணத்தோடு எழுதிவைப்பதன் தேவை கூடத்தான் செய்கிறது. தரத்தை அள்ளிக்கொடுக்கிறார்கள் என்ற குறையும் உண்மையே. அமெரிக்காவில் இன்று பெரும்பாலான பேண்டுகள் மேல் இரண்டு பிரிவுகளுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே பிரிவைவிடக் குறிப்பையே கவனி.

உன் ஊர் டேனரியில் தோலைத் தரம் பிரிப்பவர் அதை வெளிச்சத்தில் விரித்து உண்ணிக்கடி, முள்கீறல், சூட்டுத்தழும்பு எல்லாம் பார்த்து அடுக்கில் போடுகிறார். அந்தக் காயங்கள் மாடோ ஆடோ உயிரோடிருந்தபோதே பட்டவை; பதனிட்டவரின் குற்றமல்ல. உன் பேண்டின் மதிப்பெண்ணிலும் அப்படிச் சில சேர்ந்தே வரும்: வால்வு ஒட்டிக்கொள்ளும் பழைய டிரம்பெட், பொதுத்தேர்வுக்காகப் பறிபோன பயிற்சி வேளை, வீட்டுக்கு எடுத்துப்போக வாத்தியமில்லாத காலணி ஆலைத் தொழிலாளியின் பிள்ளை. குறைந்த தரம் வந்தால் எது வாசிப்பின் குறை, எது வசதியின் குறை என்று பிரித்துப் பார். முதலாவதைப் பயிற்சியில் திருத்து. இரண்டாவதை நிர்வாகத்திடம் கணக்கோடு கேள்.

"இடம் இல்லாவிட்டால் நிர்வாகம் பணம் தராது, பிள்ளைகளும் உழைக்க மாட்டார்கள்" என்பது கடைசி மறுப்பு. கோப்பை ஒரு வருடம் வரும், மறுவருடம் வராது; அதை நம்பிக் கேட்கும் பணமும் அப்படியே. போன பருவத்தில் சுருதிக்கு என்ன எழுதினார்கள், இந்தப் பருவத்தில் என்ன என்று இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்தத் தாளாளருக்கும் புரியும். பருவத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து இசை தெரிந்த இருவரை அழைத்துத் தள்ளித் தள்ளி உட்காரவை. சுருதி, காலம், வாத்தியங்களின் சமநிலை, புதிய நோட்டேஷன் ஆகிய நான்கையும் ஒருவரோடொருவர் பேசாமல் எழுதித்தரச் சொல். அந்தத் தாளை முதலில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, பிறகு அலுவலகத்துக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒருவர்