தொப்பிக்கு ஆறு மணித்தியாலம், வாசிப்புக்கு அரை மணித்தியாலம்

சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் தங்கைகளில் பலர் இப்போது ஏதாவதொன்றை ஒன்லைனில் விற்கத் தொடங்குகிறார்கள். கேக், மெஹந்தி கோன், ஹிஜாப் பின், கைவேலைப் பொருட்கள் என்று பட்டியல் நீளும். அதே மாதங்களில்தான் "இந்த நூறு நாளில் இதைச் செய்து முடிப்பேன்" என்று தமக்குத் தாமே ஒரு சவாலையும் வைத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கியவள். இப்போது உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். அன்று நான் விட்ட பிழைகளுக்கு இன்று பாடப்புத்தகத்தில் பெயர்கள் இருப்பதைக் காண்கிறேன். ஆகவே இதை ஒரு பாடக்குறிப்பாகவே எழுதுகிறேன். பெற்றோரும் வாசித்தால் நல்லது. அவர்களுக்கும் சில விடயங்கள் உள்ளன.

முதலில் என் சவால். எனக்குப் பேச்சு திக்கும். வீட்டில் அவ்வளவு தெரியாது. காலைக்கூட்டத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றால் முதற்சொல்லே வராது. மூன்று வருடங்கள் யாருடைய கண்ணிலும் படாமல் பின்வரிசையில் நின்றே கழித்தேன். உயர்தர வகுப்புக்குப் போகுமுன் இதற்கொரு முடிவுகட்ட வேண்டுமென்று நூறு நாள், நாளுக்கு இருபது நிமிடம், சத்தமாக வாசிப்பதென்று தீர்மானித்தேன். கேட்பவர் உம்மும்மா. அவருக்குக் கண்புரை; பத்திரிகை எழுத்துத் தெரிவதில்லை. இஷாத் தொழுகைக்குப் பிறகு எட்டரை மணி எங்கள் நேரம். பத்திரிகை, பழைய சஞ்சிகை, நூலகத்தில் எடுத்த சிறுகதைத் தொகுதி என எது கிடைத்தாலும் வாசிப்பேன். நான் திக்கும்போது உம்மும்மா சொல்லை எடுத்துத் தரமாட்டார். காத்திருப்பார். அதுதான் எனக்கு வேண்டியதாக இருந்தது.

வியாபாரம் குரோஷேத் தொப்பி. பெரியம்மாவிடம் பழகிய வேலை. கடையில் வாங்கும் பெனியனும் காலுறையும் இயந்திரம் பின்னியவை. குரோஷேப் பின்னலை அப்படியே செய்து தரும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. குரோஷே என்றால் அது யாரோ ஒருவருடைய கை ஒவ்வொரு கண்ணியாக இழுத்து முடித்தது. இது விளம்பரத்துக்கு நல்ல வசனம் என்று நினைத்தேன். உண்மையில் இது கிரயத்தைப் பற்றிய எச்சரிக்கை. நூலைக் கடையில் வாங்கலாம், மணித்தியாலத்தை வாங்க முடியாது.

பெருநாள் காசு 5,000 ரூபாவில் தொடங்கினேன். ஊசிகள், கத்தரி, அளவுநாடா 1,800, நூல் 2,700, பொதிசெய்யும் உறைகள் 500. என் முதலாவது திட்டம் அப்பியாசக் கொப்பியில் அரைப் பக்கம். நாளுக்கு நான்கு மணித்தியாலம், வாரத்துக்கு இருபத்தெட்டு. ஒரு தொப்பிக்கு நான்கு மணித்தியாலம். ஆகவே வாரத்துக்கு ஏழு தொப்பிகள். பெருக்கல் வகுத்தலில் பிழையேதும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஓடர்கள் வந்தன. மூன்று வாரத்தில் இருபத்தொரு தொப்பிகள் முடியும் என்ற நம்பிக்கையில் பத்தொன்பதை ஏற்றுக்கொண்டேன். இரண்டைக் குறைத்துக்கொண்டது முன்யோசனை என்றும் நினைத்தேன். இரவு ஒரு மணிவரை பின்னியும் என்னால் பன்னிரண்டுதான் முடிந்தது. நான்கைப் பெரியம்மா முடித்துத் தந்தார். மூன்று பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்களில் ஒரு தாய் தன் மகனுக்கு முதன்முதலாகத் தொப்பி வாங்க நினைத்தவர். அவர் ஏசவில்லை. "சரி மகள்" என்று மட்டும் அனுப்பினார். அதன்பின் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், மின்னணு வழியில் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. வட்ஸ்அப்பில் "ஓகே" என்று போடுவது விளையாட்டல்ல. எனக்குப் பதினெட்டு வயது ஆகாததால் சட்டம் என்னை விட்டுவிடலாம். பெருநாள் காலையில் தொப்பியில்லாமல் நின்ற பிள்ளைக்கு அது சமாதானம் ஆகாது.

அந்த வாரங்களில்தான் சவாலின் 46ஆம் நாளிலிருந்து 49ஆம் நாள்வரை விடுபட்டன. யாரும் திருடவில்லை. எட்டரைக்கு "அளவு எப்படி அனுப்புவது?" என்று ஒரு செய்தி வரும், பதில் போடுவேன், அவர் இன்னொன்று கேட்பார், பத்து மணியாகிவிடும். நான்காம் நாள் காலையில் உம்மா சொல்லித்தான் தெரியும்: நான்கு இரவும் உம்மும்மா கதிரையைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "இண்டைக்கும் வாசிக்கிற இல்லையா?" என்று உம்மாவிடம் கேட்டுவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார். என்னை வந்து கேட்கவில்லை. எனக்கு வேலை என்று நினைத்திருக்கிறார்.

பெருநாளுக்குப் பிறகு ஒரு வாரம் புதிய ஓடர் எதையும் எடுக்காமல், என் நேரம் எங்கே போகிறது என்று கொப்பியில் எழுதினேன். தங்கைகளே, வியாபாரம் தொடங்குமுன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். பெயர் வைப்பதும் லோகோ வரைவதும் பிறகு. (நான் லோகோவுக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

எழுதிப் பார்த்ததில் இரண்டு விடயங்கள் தெரிந்தன. முதலாவது, தொப்பிக்கு நான்கு மணித்தியாலம் என்பது பொய். அது எந்தத் தடையுமின்றிப் பின்னும்போது ஆகும் நேரம். கண்ணி தவறிப் பிரித்துப் பின்னுவது, கழுவிக் கிண்ணத்தில் கவிழ்த்து வடிவாக்குவது, நூல்முனைகளை மறைப்பது எல்லாம் சேர்த்தால் ஆறு. இரண்டாவது, விற்பதற்கும் நேரம் ஆகிறது. அந்த ஒரு வாரத்தில் 31 பேர் விசாரித்தார்கள். பிறகுதான் தருவேன் என்று சொன்ன பின்னும் காத்திருக்கச் சம்மதித்தவர்கள் 6 பேர். மற்ற 25 பேருக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். அதோடு படமெடுப்பது, பொதிசெய்வது, கூரியருக்குக் கொடுப்பது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் இதற்கே போயிற்று.

இனி சரியான கணக்கு. கையிலுள்ள நான்கு மணித்தியாலத்தில் முதலில் வாசிப்பின் அரை மணித்தியாலத்தைக் கழித்தேன். இருபது நிமிட வாசிப்பும், உம்மும்மா அதைப் பற்றிச் சொல்லும் பத்து நிமிடக் கதையும். பின்னர் விற்பனை வேலைக்கு ஒன்று. மிஞ்சியது இரண்டரை. வெள்ளிக்கிழமை வீட்டில் விருந்தினர் வருவதால் அதை விட்டு ஆறு நாள். வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம், அதாவது இரண்டரைத் தொப்பி. பெருநாளுக்கு முந்திய மூன்று வாரத்தில் நான் ஏற்றிருக்க வேண்டியது ஏழு. ஏற்றது பத்தொன்பது.

சவாலுக்குரிய நேரத்தை முதலில் கழித்ததைக் கவனியுங்கள். மிஞ்சினால் பார்ப்போம் என்று விட்டால் அது மிஞ்சாது. ஓடர் கொடுப்பவர் கேட்பார், கூரியர்க்காரர் கேட்பார். சவாலுக்காக வந்து கேட்க யாருமில்லை. எனக்காகக் கேட்டிருக்கக்கூடிய ஒருவரும் கதவோரம் பேசாமல்தான் இருந்தார்.

உயர்தரக் கணக்கீட்டில் மட்டுப்படுத்தும் காரணி என்று ஒன்று படிக்கிறோம். மூலப்பொருள், இயந்திரம், உழைப்பு நேரம் என எது நமக்குக் குறைவாக இருக்கிறதோ அதில் ஓர் அலகுக்கு எவ்வளவு பங்களிப்பு கிடைக்கிறது என்று பார்த்துத்தான் எதைச் செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். பங்களிப்பு என்பது விற்பனை விலையிலிருந்து மாறும் கிரயத்தைக் கழித்தது. என் தொப்பியின் விலை 1,500. நூலும் உறையும் 300. பங்களிப்பு 1,200. என் ஊசி, கத்தரிச் செலவு 1,800 இரண்டாவது தொப்பியோடு மீண்டுவிட்டது. அதில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணித்தியாலத்தால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 200 ரூபா.

மிஞ்சிய நூலில் புத்தக அடையாளங்கள் சிலவும் பின்னியிருந்தேன். விலை 250, நூலும் அட்டையும் 40, பங்களிப்பு 210. சிறிய தொகை என்று அலட்சியமாக விட்டிருந்தேன். ஒன்றுக்கு நாற்பது நிமிடம். மணித்தியாலத்துக்கு 315 ரூபா! விலை கூடிய பொருள் கூடுதலாகத் தரும் என்ற என் நினைப்பு நேரத்தால் வகுத்தவுடன் தலைகீழானது. ஆனால் 250 ரூபா அடையாளத்துக்கு 400 ரூபா கூரியர் கட்டணம் யார் கொடுப்பார்? எனவே நான்கு சேர்த்து ஒரு தொகுதி, 1,000 ரூபா என்று மாற்றினேன். வாங்குபவர் தோழிகளுக்குப் பரிசாகக் கொடுப்பார். தொப்பியைக் கைவிடவுமில்லை. தொப்பி வாங்க வந்தவர்கள்தான் அடையாளத்தையும் வாங்கினார்கள்.

"நூல் 300 ரூபாதானே, ஏன் 1,500?" என்று கேட்பவர்கள் வருவார்கள். உறவினர்கள்தான் அதிகம் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். ஆறு மணித்தியாலம் என்று சொன்னால் பாதிப் பேர் விளங்கிக்கொள்வார்கள்.

செயல்முறையில் இன்னும் சில. வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். அதில் பொருட்பட்டியலைப் படத்தோடும் விலையோடும் போட்டுவிட்டால் விசாரணை பாதியாகக் குறையும். குறித்த நேரத்தில் தானாகவே பதில் அனுப்பும் வசதியும் உண்டு. இரவு எட்டே கால் முதல் "நாளை காலை 9 மணிக்குப் பதில் தருவேன்" என்று என்னுடையது அனுப்பும். இதனால் ஓடர் போய்விடும் என்று பயந்தேன். தொப்பி வாங்குபவர் காலைவரை காத்திருக்கிறார். தலைச் சுற்றளவைச் சென்றிமீற்றரில் கேட்டு எழுதிவையுங்கள்; "நடுத்தர அளவு" என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. முற்பணமின்றிப் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையில் அனுப்பிய ஒரு பார்சல் திரும்பி வந்தது. கூரியர் கட்டணம் என் தலையில். அன்றிலிருந்து பாதித் தொகை முன்கூட்டி வாங்குகிறேன். வியாபாரக் காசுக்கு வேறு பை வைத்திருக்கிறேன். அதிலிருந்து நான் ஐஸ்கிறீம் வாங்கினாலும் எடுப்பனவு என்று எழுதுவேன்.

பெற்றோருக்கு. வங்கிக் கணக்கு உம்மாவுடையது, விற்பனைக்கான இலக்கமும் உம்மாவுடையது. பிள்ளையின் சொந்த இலக்கம் வெளியே போகவில்லை. படங்களில் பொருள் மட்டுமே. அனுப்புநர் முகவரிக்கு வாப்பாவின் கடை. பிள்ளையின் வியாபாரம் வளர்ந்து, சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் தொடர்வதானால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனை விற்றாய் என்று எல்லோரும் கேட்டார்கள். இன்று என்ன வாசித்தாய் என்று உம்மும்மாவைத் தவிர யாரும் கேட்கவில்லை.

விடுபட்ட நான்கு நாளைப் பற்றி. சவாலே முறிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு கட்டுரையில் படித்தேன்: லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது, நடுத்தரமானது 66 நாள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நான் தவறவிட்டது நான்கு நாள். ஆனாலும் தொடர்வதற்கு அது போதுமான துணிவைத் தந்தது. விட்ட நாட்களுக்காக ஒரே இரவில் எண்பது நிமிடம் வாசிக்கவில்லை; கடைசியில் நான்கு நாளைக் கூட்டிக்கொண்டேன். நூற்றிநான்காம் நாள் நூறாவது வாசிப்பு முடிந்தது. திக்கு முழுதாகப் போய்விடவில்லை. இரண்டாம் தவணையில் காலைக்கூட்டத்தில் ஒரு பக்கம் வாசித்தேன். இரண்டு இடத்தில் நின்றேன், பிறகு சொல் வந்தது.

இப்போது வகுப்பும் மேலதிக வகுப்பும் போக வாரத்துக்கு ஐந்து மணித்தியாலம்தான் பின்ன முடிகிறது. அதில் தொப்பி ஒன்றுகூட ஆகாது. அடையாளங்கள் ஏழு ஆகும். வரும் பெருநாளுக்கு விடுமுறை நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு நான்கு தொப்பிகளுக்கு மட்டும் பெயர் எழுதியிருக்கிறேன். முதலாவது பெயர் அன்று "சரி மகள்" என்று அனுப்பிய தாயுடையது. நானாகவே செய்தி அனுப்பிக் கேட்டேன். மகனின் தலைச் சுற்றளவை அனுப்பியிருக்கிறார், 52 சென்றிமீற்றர்.